நாகலட்சுமி அன்ரி பார்த்த டப்பா

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விமானத் திடலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பறக்க வருவார்கள். மீதிப்பேர் போன கிழமை பறந்ததைப் பற்றிக் கதையளக்க வருவார்கள். நாகலட்சுமி அன்ரி இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்க்க வருவார்.

வெரிபீயில் புது வீடுகள் முடிந்து, கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் கிடக்கிறது அந்தத் திடல். புல் ஓடுபாதை ஒன்று, தகரக் கொட்டகைகள் சில, காற்றின் திசை காட்டி எந்நேரமும் ஒரு பக்கமாகவே படபடக்கும் துணிப் பை ஒன்று. கொட்டகையில் நான் மெக்கானிக். பெயர் சுதர்சன். அகதியாகப் படகில் வந்தவன். வந்த காலம் தொட்டு இன்றுவரை என்னுடைய விசா தற்காலிகம்தான். ஊரில் லொறியும் உழவு இயந்திரமும் பார்த்த கை, இங்கே படித்துச் சின்ன விமானங்களுக்குத் தேறியது. ஞாயிறு நான் லீவு எடுக்கலாம். எடுத்து என்ன செய்வது? வாடகை அறையில் கிடந்து முகட்டைப் பார்ப்பதைவிட எஞ்சினைப் பார்ப்பது மேல்.

அன்ரியின் கணவர் வெங்கட்ராமன் கட்டட எஞ்சினியர். திருச்சிக்காரர். ஐம்பது வயது தாண்டிய பிறகு பறக்கப் பழகி, இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினார். எல்லா ஆண்களுக்கும் அந்த வயதில் ஒன்று பிடிக்கும். சிலருக்குக் கோல்ஃப், சிலருக்குக் கோயில் கமிட்டி. இவருக்கு வானம். அன்ரியை ஒரே ஒரு தடவை மேலே கூட்டிப்போனார். பத்து நிமிடத்தில் அவர் வாந்தி எடுத்து, இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொன்னாராம். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தார். ஏற மட்டும் இல்லை. கொட்டகை வாசலில் மடக்குக் கதிரையைப் போட்டு, கணவர் போய்த் திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார். அப்படியே வருடங்கள் ஓடின.

அவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்த எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. எஞ்சினுக்கு மேலே கூலன்ட் நிரம்பிய சிறு தொட்டி ஒன்று உண்டு. எஞ்சின் சூடானால் கூலன்ட் விரிந்து, மிஞ்சியது ஒரு குழாய் வழியாகக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வழியும். எஞ்சின் ஆறியதும் தொட்டி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காரிலும் இதுதான் கதை. டப்பாவின் பக்கத்தில் இரண்டு கோடுகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டம் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டப்பா பூட்டியிருந்த இடமோ எஞ்சினுக்குப் பின்னால், தணிவாக, ஒரு மூலையில். வெங்கட்ராமனுக்கு வயிறு முட்டும், முழங்கால் மடங்காது. அதனால் பறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குரல் கொடுப்பார்.

“லட்சுமி, டப்பா!”

அன்ரி குந்தியிருந்து, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்து, “லெவல் சரி” என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் வெங்கட்ராமன் விமானத்தில் ஏறுவார். நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பேன். நான் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் செய்வதை மட்டும் நான் தடுக்கவில்லை. அந்த மனுஷனும் மனுஷியும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டதே அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும்.

வெங்கட்ராமன் மாரடைப்பில் போனார். வானத்தில் இல்லை, வீட்டில், குளியலறையில். செத்த வீட்டுக்குப் போனேன். சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கும் மகன் பிரதீப்குமார் வந்திருந்தான். என் கையைப் பிடித்து இங்கிலீஷில் நன்றி சொன்னான். அன்ரி என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

“தம்பி, ஞாயித்துக்கிழமை கொட்டகை திறந்திருக்குமா?”

“ஓம் அன்ரி. நான் நிப்பன்” என்றேன்.

வந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை, திருநீறு மட்டும். அதே கதிரை. ஃபிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்து எனக்கும் ஊற்றித் தருவார். நான் தேத்தண்ணிக்காரன். இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குடித்துவிடுவேன். பிறகு அவர் எழுந்துபோய் எஞ்சின் மூடியைத் தூக்கச் சொல்வார். குந்தியிருந்து டப்பாவைப் பார்ப்பார். பறக்காத விமானத்தில் மட்டம் எங்கே போகப்போகிறது? மாதம் ஒருமுறை நான் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன், துருப்பிடிக்காமல் இருக்க. அதைத் தவிர அது அசைவதே இல்லை. இருந்தாலும் அவர் பார்ப்பார். பார்த்துவிட்டு, கேட்க ஆளில்லாத கொட்டகையில், “லெவல் சரி” என்று மெதுவாகச் சொல்வார். அந்த நேரத்தில் நான் ஏதாவது ஸ்பானரைத் தேடிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவேன். கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

அவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அறிவாளி. படிப்பார், வீட்டை முற்றம்வரை துடைத்து வைத்திருப்பார். ஆனால் போக ஓர் இடம் இல்லை. கணவருடைய நண்பர்கள் கணவரோடு போனார்கள். வெரிபீயில் அவருடைய தெருவில் எல்லாரும் இருட்டோடு ரயிலுக்குப் போய் இருட்டோடு வருகிறவர்கள். ஒரு கிழமை முழுவதும் தன் குரலையே கேட்கவில்லை என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரலையும் யார் கேட்கிறார்கள்?

மகன் விடவில்லை. விமானத்தை விற்றுவிட்டு பிளாக்டவுனுக்கு வா என்று ஒவ்வொரு கிழமையும் போனில் நின்றான். ஒரு ஞாயிறு அவர் போனைக் கதிரைக் கையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எனக்கும் கேட்டது.

“அம்மா, ஜஸ்ட் செல் இட். யு டோன்ட் ஈவன் ஃப்ளை.”

“ஆமாடா. பாக்கலாம்” என்றார் அன்ரி.

“ஒய் டு யு கோ தேர் எவ்ரி வீக்?”

அன்ரி போனைக் கையில் எடுத்து ஸ்பீக்கரை நிறுத்தினார். மகன் கெட்டவன் இல்லை. தாய் தனியே இருக்கிறாளே என்று பயப்படுகிற பிள்ளைதான். ஆனால் பிளாக்டவுனில் அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து அன்ரி என்னிடம் சொன்னது இது: “கடை எல்லாம் நம்ம கடை தம்பி, கறிவேப்பிலைகூட வாசல்லயே கிடைக்குது. ஆனா காலைல ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பிடுறாங்க. அப்புறம் நானும் டிவியும்தான்.”

திடலை நடத்தும் கிளப்பும் தன் பங்குக்குப் பேசியது. கொட்டகையில் இடம் பறக்கிற விமானங்களுக்கே போதவில்லை என்றது. அதில் நியாயம் இருந்தது. எனக்கும் தெரியும், ஓடாமல் நிற்கிற எஞ்சின் உள்ளுக்குள் கெட்டுப்போகும். ஆனாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த விமானம் போனால் அன்ரிக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதை எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வது?

ஒரு பலவீனமான நேரத்தில் அன்ரி விற்கச் சரி என்றுவிட்டார். வாங்க ஒருவர் வந்தார். டேரில் என்று பெயர், உள்நாட்டில் செம்மறிப் பண்ணை வைத்திருப்பவர், வேலிகளை மேலிருந்து பார்க்க ஒரு விமானம் வேண்டுமாம். பெரிய கை, குறைந்த பேச்சு. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்தார். கதவைத் திறந்து மூடினார். அன்ரி கதிரையில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேரில் தானே ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். பழுத்த பைலட், ஆயிரக்கணக்கில் மணித்தியாலம் பறந்தவர். எழும்பிப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்து இறங்கியபோது முகம் சரியில்லை. எஞ்சினிலிருந்து ஆவி வந்தது. கூலன்ட்டின் அந்தத் தித்திப்பு வாசம் கொட்டகை வாசல்வரை அடித்தது. வெப்பமானி சிவப்பைத் தொட்டுவிட்டது என்றார். மூடியைத் திறந்தேன். டப்பாவுக்குப் போகும் குழாய் கழன்று தொங்கியது. எஞ்சினுக்குப் பின்பக்கத் தகடெல்லாம் பச்சையாக வழிந்திருந்தது. ஆறும்வரை காத்திருந்து மேல் தொட்டியைத் திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது. குழாய் கழன்றதால், ஆறும்போது திரும்ப உறிஞ்சக் கூலன்ட் இல்லாமல் வெறும் காற்றை உறிஞ்சியிருக்கிறது.

டேரில் தன் தீர்ப்பைச் சொன்னார். எஞ்சினின் தலைப்பகுதியில் வெடிப்பு விழுந்திருக்கிறது. உள்ளே எரிகிற வாயு கூலன்ட்டுக்குள் கசிந்து, அந்த அழுத்தம்தான் குழாயைத் தள்ளியிருக்கிறது. சும்மா விட்ட எஞ்சின்களுக்கு இதுதான் கதி.

“சோதித்துப் பார்க்க வேண்டும். உடனே அப்படிச் சொல்ல முடியாது” என்றேன்.

“நீ சோதி. நான் பெண்டிகோ ஊரில் இன்னொன்றைப் போய்ப் பார்க்கிறேன்” என்று சொல்லி, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

நான் அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வெங்கட்ராமன் இருந்த காலத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. விமானம் விற்காது. அவருக்கு அது விளங்கிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மெக்கானிக் தன் பொறுப்பில் இருக்கும் எஞ்சின் கெட்டது என்று கேட்டுச் சந்தோஷப்படலாமா? பட்டேன்.

“அவர் என்ன சொன்னார் தம்பி? எஞ்சின் போயிடுச்சாமா?”

“அப்பிடித்தான் நினைக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. அழுத்தம் எங்கேயோ அடைபட்டிருக்கு. கூலன்ட் உள்ள வரேக்க டப்பாவில இருக்கிற காத்து வெளியில போகவேணும். அதுக்கு மூடியில சின்ன ஓட்டை ஒண்டு இருக்கு. அது திறந்திருந்தால் இப்பிடிக் குழாய் கழலாது” என்றேன், கையைத் துடைத்துக்கொண்டே.

அன்ரி எழுந்தார். “ஓட்டையா? மூடியில எங்க?”

“நட்ட நடுவில.”

அவர் விமானத்துக்கு அருகே வந்து, பழக்கப்பட்ட இடத்தில் குந்தியிருந்து, போன் வெளிச்சத்தை டப்பாவின் தலையில் அடித்தார். நானும் குனிந்தேன். மூடியின் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அதை நான் எத்தனையோ தடவை மேலோட்டமாகக் கண்டிருக்கிறேன். இறுக்கிய நட்டுகளில் நாங்கள் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் ஒரு துளி வைப்போம், பிறகு அசைந்தால் தெரியும். அப்படி ஏதோ பழைய அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டேன். விரலால் தொட்டேன். பெயின்ட் இல்லை. காய்ந்து ஓடுபோல இறுகிய சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே இன்னொரு படை, அதற்குக் கீழே இன்னொன்று.

“நான்தான் வச்சேன்” என்றார் அன்ரி. “ஆயுத பூஜைக்கு வீட்டுல அடுப்பு, கார், வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் வைப்பேன். இதுல மட்டும் அவர் வைக்க விடமாட்டார், பெயின்ட் கெட்டுப்போகும்னு. அவர் போனப்புறம் யார் கேக்கப்போறா? வெளியில வச்சா நீ திட்டுவேன்னு இங்க வச்சேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் வச்சேன். நான் வச்சுக்கறதை விட்டுட்டேன். அதுக்காவது வைக்கலாமேன்னு.”

மாதம் ஒருமுறை நான் ஓடவிட்டது சிறு ஓட்டம். எஞ்சின் முழுச்சூடு ஏறவில்லை. அதனால் தெரியவில்லை. இன்றைக்குத்தான் நிஜமாகச் சூடேறியது. விரிந்த கூலன்ட் டப்பாவுக்குள் தள்ளிக்கொண்டு வர, உள்ளே இருந்த காற்றுக்குப் போக வழியில்லாமல் குழாயைக் கழற்றியிருக்கிறது. எஞ்சின் தங்கம். அதன் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டேரில் குழாயடியில் கையை உதறிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியிருக்கவே தேவையில்லை, அந்த மனுஷனுக்குத் தமிழ் தெரியாது.

“அன்ரி, ஒண்டும் சொல்லாதேங்கோ. பேசாம இருங்கோ. அவர் பெண்டிகோவுக்குப் போகட்டும். நான் இதைக் கழுவிச் சரிபண்ணிப்போடுவன். விமானம் இங்கேயே நிக்கும். நீங்கள் வழக்கம்போல வாங்கோ.”

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, நான் அவருக்காக மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பியை எனக்கு வேறு யார் ஊற்றித் தரப்போகிறார்கள்?

அன்ரி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கு மறைக்கத் தெரியாது. ஒரு தரம் தலையைக்கூட ஆட்டினார், சரி என்பதுபோல. பிறகு கேட்டார், “அந்த ஆள் போய் வெளில என்ன சொல்வான்?”

“என்ன சொல்லுறது? எஞ்சின் சரியில்லை எண்டு சொல்லுவான்.”

“அவரோட எஞ்சின் சரியில்லைன்னு சொல்வானா?”

நான் டப்பாவின் மூடியைத் திருகிக் கழற்றினேன்.

“பதினாலு வருஷம் தம்பி. ஒரு நாள் அது பாதியில நின்னதில்ல. நான் இங்க உக்காந்திருப்பேன், அது அவரைக் கொண்டுவந்து விட்டுடும். ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து விட்டுச்சு.” முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “என் தப்புக்கு அது கெட்ட பேர் வாங்கக் கூடாது.”

நேரே குழாயடிக்குப் போனார். விமானத்தைப் பற்றி மட்டுமே பேசிய கணவருக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் இருந்தவருக்கு இங்கிலீஷில் விளக்குவது கஷ்டமாகவா இருக்கும்? எஞ்சின் நல்லது, மூடியின் ஓட்டையை நான்தான் அடைத்தேன், அது எங்கள் பிரார்த்தனை, வாருங்கள், காட்டுகிறேன் என்றார். டேரில் மூடியைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்தார். அன்ரியைப் பார்த்தார். சிரிக்கப்போகிறான் என்று நான் கையை முறுக்கிக்கொண்டு நின்றேன். சிரித்தால் அன்றைக்கு அடிதடிதான்.

அவர் சிரிக்கவில்லை. தன் தாயும் உழவு இயந்திரத்தில் ஜெபமாலை கட்டுவாள், அது ஒருநாள் எஞ்சின் காற்றாடியில் சிக்கிக் காற்றாடியே உடைந்தது என்றார். “அன்றைக்கு அப்பா பேசியதை உங்களிடம் சொல்ல முடியாது” என்றார்.

மூடியை வெந்நீரில் ஊறப்போட்டேன். சந்தனம் லேசில் விடவில்லை. கடைசியில் ஊசியால் குத்தி ஓட்டையைத் திறந்தேன். குழாய்க்குப் புதுக் கிளிப் போட்டு, தொட்டியை நிரப்பி, காற்றேற்றி அழுத்தச் சோதனை செய்தேன். அழுத்தமானியின் முள் இம்மியும் இறங்கவில்லை. எஞ்சினை முழுச்சூடு ஏறும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டுப் பார்த்தோம். போன கூலன்ட் முழுவதும் திரும்பி வந்தது. டேரில் மறுபடி பறந்து, வேண்டுமென்றே நெடுநேரம் சுற்றிவிட்டு இறங்கினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்ரி கைதட்டினார், நிஜமாகவே. பிறகு கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை டேரில் விமானத்தைக் கொண்டுபோக வந்தார். அன்ரியும் வந்திருந்தார். விமானம் புல்லை விட்டு எழும்பி, கோவாத் தோட்டங்களுக்கு மேலாகத் திரும்பி, வடக்கே போனது. இந்த ஓடுபாதையிலிருந்து அது திரும்பி வராத முதல் பயணம் அதுதான். அன்ரி சத்தம் அடங்கும்வரை நின்றார். அதற்குப் பிறகும் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“நாளைக்கு நீ இருப்பியா தம்பி?”

“ஓம் அன்ரி. வாங்கோவன்.”

“வந்து?”

“சும்மா வாங்கோ. இருந்து கதைச்சிட்டுப் போகலாம்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அழுகை இல்லை. நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டதுபோல ஒரு திகைப்புத்தான் இருந்தது.

“சும்மா வர எனக்குத் தெரியாதே” என்றார்.

கார்க் கதவைத் திறந்து ஏறி, சீட் பெல்ட் போட்டு, கையசைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பிளாக்டவுனுக்குப் போய்விட்டாரா, வீட்டிலேயே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவர் தெரு எனக்குத் தெரியும், இங்கிருந்து காரில் கொஞ்சத் தூரம்தான். நேற்றும் வேலை முடிந்து அந்தச் சந்திவரை போனேன். கதவைத் திறந்து “என்ன தம்பி?” என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.